பின்னிருக்கையின் எச்சரிக்கை ஒலி கூறுவது என்ன?

காலை எட்டு மணி. தோட்டத்து லயத்தின் முன் ஒரு கார் புறப்பட ஆயத்தமாக நிற்கிறது. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் செல்லும் குடும்பம் அது. முன்னிருக்கைகளில் தந்தையும் மூத்த மகனும் அமர்ந்து தத்தம் இருக்கை வாரைப் பூட்டிக்கொள்கின்றனர். பின்னிருக்கையில் பாட்டியும், பள்ளி செல்லும் சிறுமியும், கைக்குழந்தையை மடியில் ஏந்திய தாயும் இருக்கின்றனர். கார் செம்மண் சாலையைக் கடந்து பெருஞ்சாலையில் வேகம் எடுத்ததும், "டிங், டிங்" என்று ஓர் ஒலி இடைவிடாமல் எழுகிறது. "அம்மா, வாரையெல்லாம் முதுகுக்குப் பின்னால் விட்டுப் பூட்டிவிடுங்கள், சத்தம் நின்றுவிடும்" என்கிறார் தந்தை. பாட்டி அவ்வாறே செய்கிறார். ஒலி நின்றுவிடுகிறது. பயணம் தொடர்கிறது.

இக்காட்சி நம்மில் பலருக்குப் புதியதன்று. ஆனால், அந்த ஒலி எதற்காக எழுந்தது, அது நின்றபோது எது நின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று வெளிவரும் புதிய கார்கள் பலவற்றில் பின்னிருக்கைக்கும் எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அதன் மொழியை அறிந்துகொள்வது கார் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயன் தரும்.

சட்டமும் வழக்கமும்

சீட் பெல்ட் என்று நாம் வழக்கமாகக் கூறும் இருக்கை வார், இன்றைய மூன்று முனை வடிவத்தைப் பெற்றது 1959ஆம் ஆண்டில். சுவீடன் நாட்டின் வால்வோ நிறுவனத்தில் பணியாற்றிய நில்ஸ் பொலின் என்னும் பொறியியலாளரே அதனை வடிவமைத்தார். நம் நாட்டில் முன்னிருக்கையில் அமர்வோர் வார் அணிய வேண்டும் என்ற விதி 1979ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. பின்னிருக்கைப் பயணிகளுக்கு அது 2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று கட்டாயமாக்கப்பட்டது. இவ்விரு விதிகளுக்கும் இடையே கழிந்த முப்பது ஆண்டுகளில் நம் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆபத்து முன்னிருக்கைக்கே உரியது, பின்னிருக்கை பத்திரமானது என்பதே அந்த எண்ணம். அது முற்றிலும் தவறானது.

பின்னிருக்கை பத்திரமானதா?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. அக்கார் எதன் மீதேனும் மோதி நின்றுவிட்டால், கார்தான் நிற்கிறதே தவிர உள்ளே இருப்பவர் நிற்பதில்லை. அவர் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. இது 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, கீழே விழுவதற்கு ஒப்பாகும். முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் இதில் வேறுபாடு இல்லை.

மேலும், பின்னால் வார் அணியாதவர் தமக்கு மட்டும் தீங்கு தேடிக்கொள்வதில்லை. அவர் முன்னிருக்கையின் முதுகில் மோதி, அங்கு வார் அணிந்து அமர்ந்திருப்பவரையும் நசுக்கிவிடுகிறார். ஜப்பானில் 1995 முதல் 1999 வரை நிகழ்ந்த ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கார் மோதல்களைத் தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பின்னிருக்கையில் இருப்பவர் வார் அணியாதபோது, வார் அணிந்து முன்னால் இருப்பவர் மரணமடையும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்கிறது என்று அவர்கள் கண்டனர்.

வாடகைக் காரில் சிறிது தூரம் செல்வதற்கு வார் எதற்கு என்று எண்ணுவோரும் உளர். 1994ஆம் ஆண்டில் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கக் கணித மேதை ஜான் நேஷும் அவர்தம் துணைவியாரும், 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். நியூ ஜெர்சி பெருஞ்சாலையில் அந்த டாக்சி தடுப்பில் மோதியபோது இருவரும் வெளியே வீசப்பட்டு உயிரிழந்தனர். அவர்கள் இருக்கை வார் அணிந்திருக்கவில்லை எனத் தெரிவதாகக் காவல் துறையினர் கூறினர். டாக்சியின் ஓட்டுநர் உயிர் பிழைத்தார்.

கருவி இயங்கும் முறை

வாரின் நுனியில் உள்ள உலோகத் தகட்டை நாம் பூட்டுக்குள் செலுத்துகிறோம். அந்தப் பூட்டினுள் ஒரு சிறிய சுவிட்ச் உள்ளது. தகடு உள்ளே சென்றதா, இல்லையா என்னும் செய்தியை அது காருக்குத் தெரிவிக்கிறது. பின்னிருக்கைக் கருவிகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகைக் கார்களில் பூட்டில் உள்ள சுவிட்ச் மட்டுமே உண்டு. பின்னால் யாரேனும் அமர்ந்திருக்கிறாரா என்பது காருக்குத் தெரியாது. ஆகையால், காரைக் கிளப்பியவுடன் எந்தெந்த வார் பூட்டப்பட்டுள்ளது என்பதை ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் விளக்கினால் காட்டும். எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதை ஓட்டுநர்தான் எண்ணி, விளக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பூட்டிய வாரை ஒருவர் ஓட்டத்தின் நடுவே கழற்றினால் மட்டுமே ஒலி எழும்.

இரண்டாம் வகைக் கார்களில், இருக்கையின் மெத்தைக்குள் பாரத்தை உணரும் கருவியும் உண்டு. பாரம் இருந்து வார் பூட்டப்படாவிட்டால் அது ஒலியெழுப்பும். நாம் மேலே கண்ட குடும்பத்தின் கார் இவ்வகையைச் சேர்ந்தது. கனமான பையை இருக்கையில் வைத்தாலும் இக்கருவி ஒலிப்பதுண்டு. அதனைக் கண்டு கருவி பழுதாகிவிட்டது என முடிவு செய்யலாகாது. பையைக் காரின் பின்பெட்டியில் வைத்தால் ஒலி நின்றுவிடும்.

ஒலி ஏன் தானே நின்றுவிடுகிறது?

பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 16ஆம் எண் வாகன விதி, இவ்வெச்சரிக்கையை இரண்டு படிகளாக வகுத்துள்ளது. முதற்படியில் விளக்கு குறைந்தது 60 விநாடிகள் எரிய வேண்டும். ஓட்டத்தின்போது வார் கழற்றப்பட்டால் இரண்டாம் படியாக விளக்கும் ஒலியும் சேர்ந்து குறைந்தது 30 விநாடிகள் எச்சரிக்க வேண்டும். இந்த இரண்டாம் படி தொடங்குவதற்கு மணிக்கு 25 கிலோமீட்டர் வரையிலான ஒரு வேக வரம்பைக் கார் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம். தோட்டத்துச் சாலையில் மெதுவாகச் செல்லும்போது மௌனமாக இருக்கும் கார், பெருஞ்சாலையில் ஏறியதும் கத்தத் தொடங்குவதற்கு இத்தகைய வரம்பே காரணம்.

இங்குக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அரை நிமிடத்திற்குப் பின் ஒலி நின்றால், நாம் பத்திரமாகிவிட்டோம் என்பது அதன் பொருளன்று. கருவி தன் கடமையை முடித்துக்கொண்டது என்பதே பொருள். அதன் பின்னர் பொறுப்பு முழுவதும் காரில் உள்ளவர்களையே சேரும்.

கருவி அறியாதவை

பூட்டினுள் தகடு இருப்பதைக் கருவி அறியும். வார் நெஞ்சின் மீது உள்ளதா, முதுகுக்குப் பின்னால் உள்ளதா என்பதை அறியாது. ஒலியை நிறுத்துவதற்காகப் பூட்டில் செருகி வைக்கும் வெறும் தகடுகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. இவை கருவியை ஏமாற்றலாம். மோதலை ஏமாற்ற இயலாது.

தாயின் மடியில் உள்ள குழந்தையையும் கருவி அறியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி, ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்பொழுது 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் வலிமை வேண்டும். எத்துணைப் பாசம் மிக்க தாயாயினும் அவர் கைகளால் அது இயலாது. இதன் பொருட்டே 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தனியார் கார்களில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை

காரைக் கிளப்பு முன் ஓட்டுநர் பின்னால் திரும்பி, ஒவ்வொருவரும் வார் பூட்டியுள்ளனரா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே பலகையில் உள்ள விளக்கைக் காண வேண்டும்.

தோள் வார் கழுத்தை அறுக்காமல், தோளின் நடுவே நெஞ்சின் குறுக்காகச் செல்ல வேண்டும். இடுப்பு வார் வயிற்றின் மீது அல்லாமல், இடுப்பெலும்பின் மீது படிந்திருக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் இடுப்பு வாரை வயிற்றுக்குக் கீழே தாழ்த்தி அணிய வேண்டும். வார் முறுக்கிக்கொண்டிருத்தல் கூடாது. இரு பிள்ளைகளை ஒரே வாருக்குள் பூட்டுவதும் கூடாது.

பின்னிருக்கை மெத்தைக்குள் பூட்டு புதைந்து கிடந்தால் அதனை வெளியே எடுத்து வைக்க வேண்டும். வாரைப் பூட்டிய பின்னும் ஒலி நிற்காவிட்டால், கம்பியைத் துண்டித்துவிடாமல் பட்டறையில் காட்டிச் சீர் செய்துகொள்ள வேண்டும்.

முதியோர்க்கு வாரை இழுத்துப் பூட்டுவது கடினமாக இருக்கலாம். அவர்கள் கேட்கும் வரை காத்திராமல், அருகில் இருக்கும் பிள்ளைகள் உதவுதல் வேண்டும்.

நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பத்தை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். தந்தை காரைச் சாலையோரமாகப் பத்திரமான இடத்தில் நிறுத்தியிருந்தால், பேத்தி தன் வாரையும் பாட்டியின் வாரையும் முறைப்படி பூட்டியிருப்பாள். குழந்தைக்கு உரிய இருக்கை புறப்படும் முன்னரே பொருத்தப்பட்டிருந்தால், அது அதில் உறங்கியிருக்கும்; தாயும் தம் வாரை அணிந்திருப்பார். திருமண வீட்டிற்கு ஐந்து நிமிடங்கள் தாமதமாகச் சென்றிருப்பர். அவ்வளவே. மூத்தோரையும் குழந்தைகளையும் பின்னிருக்கையில் அமர்த்துவது அவர்கள்மீது நாம் கொண்ட அக்கறையினால்தான். அந்த அக்கறை வாரைப் பூட்டிய பின்னரே நிறைவு பெறுகிறது. அடுத்த முறை எச்சரிக்கை ஒலி எழும்போது அதனை அடக்க வழி தேடாமல், அது யாரைப் பற்றிப் பேசுகிறது என்று திரும்பிப் பார்ப்போமாக.