எண்ணெய்த் தொட்டியும் மின்மாற்றியும்

1914 செப்டம்பர் 22 இரவு. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் மீது குண்டு பொழிந்தது. எண்ணெய் பற்றி எரிந்தது, சிலர் இறந்தார்கள். அடுத்து வந்த நாட்களில் ஊரைக் காலி செய்தவர்களால் ரயில்கள் நிரம்பி வழிந்தன. அவர்கள் பயந்ததெல்லாம் இன்னொரு குண்டுக்குத்தான். அடுப்பு எரியாது, தண்ணீர் வராது என்று யாரும் மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் விறகு இருந்தது, கொல்லையில் கிணறு இருந்தது.

எம்டன் ஓடியதோ நிலக்கரியில். கேப்டன் கார்ல் ஃபான் முல்லரை எதிரியின் பீரங்கியைவிடக் கரிதான் அதிகம் வாட்டியிருக்கும். வழியில் பிடித்த கிரேக்கக் கப்பலில் கிடைத்த வங்காளக் கரியை எரித்தால் கரும்புகை எழுந்து கப்பலைக் காட்டிக்கொடுக்கும். சென்னையைத் தாக்கிய சில நாட்களில் பிடிபட்ட பிரிட்டிஷ் கப்பலில்தான் வேல்ஸ் நாட்டு நல்ல கரி கிடைத்தது.

பிரிட்டிஷ் கடற்படை அப்போது எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. கரி சொந்த மண்ணில் கிடைத்தது. எண்ணெய் பாரசீகத்தில் இருந்தது. அதனால் 1914இலேயே ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை அரசே வாங்கியது. நவம்பரில் இந்தியச் சிப்பாய்கள் பாரசீக வளைகுடாவின் ஃபாவ் கரையில் இறக்கப்பட்டார்கள். அபாதான் எண்ணெய் ஆலையைக் காப்பதும் அவர்கள் வேலை. யாருடைய எண்ணெய்க்கோ நம் ஊர்ப் பிள்ளைகள் காவல்.

இன்றைக்கு உக்ரைனைப் பாருங்கள். 2022 மார்ச்சில் ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையமான ஸப்போரிஷ்யாவை ரஷ்யப் படை பிடித்துக்கொண்டது. ஆறு உலைகள், போருக்கு முன் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. அக்டோபர் 10 முதல் ஏவுகணைகளும் டிரோன்களும் மின்கட்டமைப்பையே குறிவைத்தன. துணைமின் நிலையத்தில் மின்மாற்றி ஒன்று போனால், பல மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நிற்கும், மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது. சோவியத் காலத்து மையச் சூடாக்கும் முறையும் பம்புகளை நம்பியது என்பதால், உறைபனியில் வீடே குளிர்ந்துபோகும். பெரிய மின்மாற்றியைக் கடையில் வாங்கிவர முடியாது. செய்து முடிக்கவே பல மாதங்கள் ஆகும். நவம்பர் 23 அன்று உக்ரைன் வசமிருந்த அணுமின் நிலையங்கள்கூடக் கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன.

ரஷ்யாவின் எண்ணெய் ஆலைகளை உக்ரைனும் டிரோன்களால் அடிக்கிறது. அது எம்டன் செய்த வேலைக்கு நெருக்கமானது. பனிக்காலத்தில் ஊரையே இருட்டில் தள்ளுவதை அதோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லா வீட்டையும் ஒரே கம்பியில் கோத்த வசதிதான் இந்தத் தாக்குதலை இவ்வளவு மலிவாக்கியிருக்கிறது. இப்போது உக்ரைனில் மருத்துவமனைக் கூரைகளில் சூரியத் தகடுகளும் பேட்டரிகளும் ஏறுகின்றன. சிதறிக் கிடப்பதை அடிக்க ஏவுகணை கட்டுப்படியாகாது.

முல்லரைப் பகைநாட்டுப் பத்திரிகைகளே கண்ணியவான் என்று புகழ்ந்தன. உக்ரைனின் மின்கட்டமைப்பைத் தாக்கியதற்காக 2024 மார்ச்சில் இரண்டு ரஷ்யத் தளபதிகள் மீதும், ஜூனில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு, தலைமைத் தளபதி கெராசிமோவ் மீதும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கைது வாரன்ட் பிறப்பித்தது. அந்த நீதிமன்றத்தில் ரஷ்யா உறுப்பினர் அல்ல.