பாதி பாறை, பாதி கொட்டிய மண்... மத்திகிரியில் அஸ்திவாரம் போடும்முன் கவனிக்க வேண்டியது என்ன?

"பக்கத்து வீட்டுக்கு 4 அடிதானே தோண்டினாங்க, நமக்கும் அது போதும்." வீடு கட்டும் இடங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஓசூரை ஒட்டிய மத்திகிரி போன்ற பகுதிகளில் இந்தக் கணக்கு தப்பலாம்.

ஏன்?

இப்பகுதியின் அடிநிலம் கிரானைட், நைஸ் வகைப் பாறை. அதன்மேல் மொரம்பும் செம்மண்ணும் இருக்கும். பாறை எத்தனை அடியில் வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கிய மனைகளும் உண்டு.

என்ன ஆபத்து?

வீடு முழுக்க ஒரே அளவில் லேசாக இறங்கினால் பெரிய பாதிப்பு இருக்காது. ஒரு பக்கம் பாறையில் நிற்க, மறுபக்கம் மட்டும் இறங்கினால்தான் சுவரில் சாய்வாக விரிசல் விடும். 1173-ல் கட்டத் தொடங்கிய இத்தாலியின் பைசா கோபுரம் சாய்ந்ததும், ஒரு பக்க மண் அதிகம் இறங்கியதால்தான்.

என்ன செய்யலாம்?

* மனையின் 4 மூலையிலும் நடுவிலும் குழி தோண்டி மண்ணைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை அவசியம்.
* கொட்டிய மண்ணை ஆழக் கணக்கில் சேர்க்காதீர்கள். மண் நிலத்தில், இயற்கையான தரைமட்டத்திலிருந்து குறைந்தது 50 செ.மீ. ஆழம் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904. கெட்டி மண் வராவிட்டால் இன்னும் கீழே போக வேண்டும்.
* எல்லா ஃபுட்டிங்கும் ஒரே வகை அடுக்கில் உட்காருவது நல்லது. முடியாவிட்டால் ராஃப்ட் அஸ்திவாரம் சரிவருமா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

முக்கியமாக, கான்கிரீட் போடும்முன் ஒவ்வொரு குழியையும் பொறியாளர் நேரில் பார்க்கட்டும். மூடிய பிறகு கோளாறைச் சரிசெய்வது கஷ்டம், செலவும் பல மடங்கு.