உயிரணு விழுங்கல்

உயிரணு விழுங்கல் என்பது, உயிரணு தன் மென்சவ்வால் வெளிப்பொருளைச் சூழ்ந்து உள்ளெடுத்துக்கொள்ளும் நிகழ்வாகும். 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திரமீனின் இளவுயிரியில் முள்ளைச் செருகிப் பார்த்த உருசிய அறிஞர் இலியா மெச்னிகோவ், அலையும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டார்; 1908இல் நோபல் பரிசு பெற்றார்.

விழுங்கப்பட்ட கிருமி பொதுவாகச் செரிக்கப்பட்டுவிடும். காசநோய்க் கிருமியோ பெருவிழுங்கி உயிரணுக்களுக்குள்ளேயே பிழைத்திருக்கிறது. தான் அடைபட்ட பையுடன், செரிநொதிகள் கொண்ட லைசோசோம்கள் இணையாதவாறு அது தடுப்பதை ஆம்ஸ்ட்ராங், ஆர்ட் ஆகியோர் 1971இல் காட்டினர்.

இத்தகைய கிருமிக்குத் தடுப்பூசி காண்பது எளிதன்று. 1968இல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பெரும் கள ஆய்வு தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதை 1999இல் வெளியான 15 ஆண்டு முடிவுகள் உறுதிசெய்தன. எனினும், குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோயிலிருந்து காப்பதால், இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி இன்றும் இடப்படுகிறது.