உலோகமும் ஒரு பக்கம் சாயும்

உலோகத்திற்குள் மின்புலம் நிலைக்காது. பள்ளியில் நாம் எல்லோரும் படித்த விதி இது. தாமிரக் கம்பியில் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் சேர்ந்தால், தடையின்றி ஓடும் எலக்ட்ரான்கள் அந்த வேறுபாட்டை உடனே சமன்செய்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் எனக்கு, இந்த விதியோடு மோதுவதுபோல் தோன்றும் ஒரு பொருள் மிகவும் பிடித்துப்போனது. அதன் பெயர் முனைவு உலோகம்.

முனைவு என்றால் என்ன? மின்தேக்கிகள் செய்யப் பயன்படும் பேரியம் டைட்டனேட்டைப் பாருங்கள். ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்கு மேல் அதன் அணுக்கள் சமச்சீராக அமர்ந்திருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்ததும், டைட்டேனியம் அயனிகள் நடுவிலிருந்து சற்று விலகி ஒரே பக்கம் சாயும். நீர் பனிக்கட்டியாவதைப்போல இதுவும் ஒரு நிலைமாற்றமே. ஆனால், அது மின்சாரத்தைக் கடத்தாத பொருள்.

மின்சாரம் கடத்தும் உலோகத்திலும் இப்படி நடக்கலாம் என்று 1965ல் ஆண்டர்சன், பிளௌன்ட் என்ற இரு அறிவியலாளர்கள் எழுதினர். தெளிவான சான்று கிடைக்க 48 ஆண்டுகள் ஆயின. 2013ல் லித்தியம் ஆஸ்மேட் என்ற உலோகத்தை ஆய்வாளர்கள் சுழியத்திற்குக் கீழே 133 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தபோது, லித்தியம் அயனிகள் ஒரே பக்கம் நகர்ந்தன. நகர்ந்த தூரம், ஒரு மில்லிமீட்டரை 20 மில்லியன் பங்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுதான்.

அப்படியானால் விதி பொய்த்துவிட்டதா? இல்லை. லித்தியம் அயனிக்குத் தன் இடம் சற்றுத் தாராளமாக இருப்பதால், அருகிலுள்ள அணுக்களின் விசையே அதை ஓரம் தள்ளுகிறது. மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் அதில் அதிகம் தலையிடுவதில்லை. உள்ளே மின்புலம் நிலைக்காது என்றுதான் விதி சொன்னது. அணுக்கள் சாயக்கூடாது என்று சொல்லவில்லை.

இதைவிடச் சுவையானது, மாற்றம் நிகழும் விளிம்பு. மூடிய குழாயில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, 73 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் 31 டிகிரி செல்சியசை நெருங்கும்போது பால்போல் வெளுக்கும். திரவமா வாயுவா என்று முடிவாகாமல், சிறிதும் பெரிதுமான திட்டுகள் தோன்றித் தோன்றி மறைவதே காரணம். இவற்றை மாறுநிலை ஏற்ற இறக்கங்கள் என்பர். முனைவு பெறும் விளிம்பில் நிற்கும் படிகத்திலும் அயனிகள் இப்படித்தான் கூட்டங்கூட்டமாக அங்குமிங்கும் சாய்ந்தாடும்.

ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த விளிம்பைத் தாண்டாது. அதில் சிறிதளவு எலக்ட்ரான்களைச் சேர்த்தால் அது உலோகமாகி, தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது. அதிலுள்ள ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கனமான ஆக்சிஜன்-18ஐச் சேர்த்து விளிம்பை இன்னும் நெருங்கச் செய்தபோது, மீக்கடத்தும் வெப்பநிலை உயர்ந்தது. எலக்ட்ரான்கள் இணைசேர அந்த ஏற்ற இறக்கங்கள்தான் உதவுகின்றனவா? விவாதம் இன்னும் முடியவில்லை. விடை கிடைத்தால், புதிய மீக்கடத்திகளை எங்கே தேடுவது என்பதற்கு ஒரு வழி தெரியும்.

அடுத்த முறை பாடநூலில் ஒரு விதியைப் படிக்கும்போது, அது எதைத் தடுக்கிறது என்பதோடு எதைத் தடுக்கவில்லை என்றும் கேட்டுப் பாருங்கள்.