ஆறிய காபி சிவக்க வைக்காது

1981இல் ஜொனாதன் வில்கின் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். ரோசேசியா என்ற முகத்தோல் நோய் உள்ளவர்களுக்கு 60 டிகிரி சூட்டில் காபி கொடுத்தார். 22 டிகிரிக்கு ஆறவைத்த காபியையும் கொடுத்துப் பார்த்தார். கஃபீனை மட்டும் தனியே கொடுத்தார். 60 டிகிரியில் வெறும் வெந்நீரும் கொடுத்தார். ஆறிய காபிக்கு யார் முகமும் சிவக்கவில்லை. கஃபீனுக்கும் சிவக்கவில்லை. வெந்நீருக்கோ, சூடான காபிக்குச் சிவந்த அதே அளவுக்கு முகம் குப்பென்று சிவந்தது.

ரோசேசியா இருந்தால் காபியை விட்டுவிட வேண்டும் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த அறிவுரை அன்றே ஆட்டம் கண்டது. 2018இல் இன்னொரு ஆச்சரியம் வந்தது. அமெரிக்காவில் 82,000க்கும் மேற்பட்ட பெண் செவிலியர்களின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நாளுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ கஃபீன் உள்ள காபி குடித்தவர்களுக்கு ரோசேசியா வரும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. ஆகவே காபி குடிக்கலாம். டவராவில் நாலு தடவை ஆற்றிவிட்டுக் குடிப்பது நல்லது.

ரோசேசியா என்பது முகத்தின் நடுப்பகுதியைப் பிடிக்கும் நாட்பட்ட தோல் அழற்சி. கன்னம், மூக்கு, நெற்றி, தாடை ஆகிய இடங்கள் முதலில் அடிக்கடி சிவந்து ஆறும். பிறகு அந்தச் சிவப்பு அப்படியே தங்கிவிடும். சிலருக்கு முகப்பருவைப் போன்ற கொப்புளங்கள் வரும். சிலருக்கு நூலிழை போன்ற ரத்தக்குழாய்கள் தோலுக்கு மேலேயே தெரியும். ஆண்களில் சிலருக்கு மூக்கின் தோல் தடித்துப் புடைக்கும். உலக அளவில் பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டிய பிறகே தலைகாட்டும்.

புடைத்த மூக்கைப் பார்த்ததும் குடிகாரர் என்று முடிவு கட்டும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. பாரீஸின் லூவர் அருங்காட்சியகத்தில் கிர்லாந்தாயோ 1490ஐ ஒட்டித் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. மூக்கெல்லாம் முண்டும் முடிச்சுமாக ஒரு கிழவர், அவரை அண்ணாந்து பார்க்கும் ஒரு சிறுவன். ரோசேசியா பற்றிப் பேசும் மருத்துவர்கள் அடிக்கடி காட்டும் படம் அது. ஒரு சொட்டு மதுவைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வரும். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை என்பதை நோய் உள்ளவர்களுக்கும், பார்க்கிறவர்களுக்கும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, முகம் மட்டும் ஏன்? தோல் நம் உடலின் குளிரூட்டி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் முழுவதும் உள்ள தோலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய கால் லிட்டர் ரத்தம் போகிறது. கடும் வெப்பத்தில் அது ஆறு முதல் எட்டு லிட்டர் வரை ஏறும். அந்த வேகத்தில் ஓடினால், வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்று நிமிடத்தில் நிரம்பிவிடும். அந்த ரத்தம் தோலுக்கு அடியில் விரிந்து, சூட்டைக் காற்றில் விட்டுவிட்டுத் திரும்புகிறது. கன்னத்துத் தோலில் இந்தக் குழாய்கள் மற்ற இடங்களைவிட அதிகம், அகலம், மேற்பரப்புக்கும் பக்கம்.

வாயில் பட்ட வெந்நீர் கன்னத்தைச் சிவக்க வைப்பதற்கு வில்கின் ஒரு விளக்கம் சொன்னார். வாயில் சூடேறிய ரத்தம் கழுத்துச் சிரை வழியாக இறங்குகிறது. அதை ஒட்டியே மூளைக்கு ஏறும் தமனி போகிறது. இறங்கும் ரத்தத்தின் சூடு ஏறும் ரத்தத்துக்குத் தாவுகிறது. மூளையின் அடியில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம், உடம்பே கொதிக்கிறது என்று எண்ணி முகக் குழாய்களைத் திறந்துவிடுகிறது. இதே பாதையைத் திருப்பியும் பயன்படுத்தலாம். வெயிலிலிருந்து வந்ததும் வாயில் ஒரு துண்டு ஐஸை அடக்கிக்கொண்டால் முகச் சூடு சிலருக்குச் சட்டென்று தணிகிறது.

மிளகாய்க்குச் சூடு கிடையாது. இருந்தும் அதைக் கடித்தால் எரிகிறது. இந்தப் புதிரை 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு விடுவித்தது. நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. செல்லின் சவ்வில் பதிந்த ஒரு நுண்வாயில் அது. ஏறத்தாழ 43 டிகிரியைத் தொட்டதும் திறந்து, மூளைக்கு ‘சுடுகிறது’ என்று செய்தி அனுப்பும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் அதே வாயிலைச் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. கடுகின் நெடிக்கும் லவங்கப்பட்டையின் காரத்துக்கும் பக்கத்திலேயே வேறொரு வாயில் உண்டு. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ஜூலியஸுக்கும், தொடுவுணர்வின் வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கும் போனது.

மது இந்த வாயிலில் செய்யும் வேலை இன்னும் விசித்திரம். டிஆர்பிவி1 திறக்கும் வெப்பநிலையை அது 34 டிகிரி அருகே இறக்கிவிடுகிறது. தோலின் இயல்பான சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நெருப்பே இல்லாத இடத்தில் நரம்பு நெருப்பை உணர்கிறது. ரோசேசியா உள்ள தோலில் இத்தகைய வாயில்கள் கூடுதலாகவே காணப்படுகின்றன. அவை திறக்கும்போது நரம்பு முனைகள் சில ரசாயனங்களைக் கக்குகின்றன. குழாய்கள் விரிகின்றன, சுற்றியுள்ள திசு வீங்குகிறது. ரசத்தின் மிளகும், மதிய வெயிலும், கோபமும் ஒரே கன்னத்தில் வந்து முடிவது இப்படித்தான்.

இது கதையின் பாதி. மறுபாதி கிருமிகளை எதிர்க்கும் காவல் வேலையில் இருக்கிறது. தோல் தன் பாதுகாப்புக்காகக் கேத்தலிசிடின் என்ற புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது. முழு வடிவில் அது சாது. காலிகிரீன்-5 என்ற நொதி, அதாவது புரதங்களை வெட்டும் புரதம், அதை நறுக்கும்போதுதான் 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு வெளிப்பட்டுக் கிருமிகளைத் தாக்குகிறது. அந்தத் துண்டு இன்னும் இரண்டு வேலை செய்யும்: வெள்ளணுக்களைக் கூப்பிடும், புதிய ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கும். காயம் பட்ட இடத்தில் மூன்றும் வேண்டும். காயமே இல்லாத கன்னத்தில் மூன்றும் சேர்ந்தால் அதுதான் ரோசேசியா. 2007இல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் காலோவின் குழு இதைக் காட்டியது. நோயாளிகளின் முகத்தோலில் கேத்தலிசிடினும் மிகுதி, அதை நறுக்கும் நொதியும் மிகுதி. அந்தத் துண்டுகளை எலியின் தோலில் செலுத்தியபோது அங்கும் சிவந்து வீங்கியது.

காவலைத் தூண்டுவது யார்? சந்தேகிக்கப்படுபவர்களில் ஒருவர் உங்கள் முகத்திலும் என் முகத்திலும் குடியிருக்கிறார். டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி. நீளம் 0.3 மில்லிமீட்டர். மூன்றை வரிசையாகப் படுக்கவைத்தால்தான் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். எட்டுக் குட்டைக் கால்கள், புழு போன்ற வால். பகலெல்லாம் மயிர்க்கால்களுக்குள் தலைகீழாக இறங்கி எண்ணெய்ப் பசையில் வாழ்கிறது. இரவில் வெளியே வந்து மணிக்கு 8 முதல் 16 மில்லிமீட்டர் வேகத்தில் துணை தேடி நடக்கிறது. புருவத்திலிருந்து மூக்கு நுனிக்கு வரவே அரை இரவு ஆகிவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களிடமும் இருப்பதால், அழுக்கின் அடையாளமாகவும் இதைச் சொல்ல முடியாது.

2022இல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது ஆய்வாளர்களே வியந்தார்கள். மனித முகமே உலகம் என்று ஆகிவிட்டதால், வேண்டாத மரபணுக்களை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டிருக்கிறது இந்த உயிர். காலை அசைக்க மூன்றே மூன்று தசைச் செல்கள் போதுமாக இருக்கிறது. புற ஊதாக் கதிரிலிருந்து காத்துக்கொள்ளும் மரபணுவும் போய்விட்டது. பகலில் வெளியே தலைகாட்டாததற்கு அதுவும் ஒரு காரணம். இரவில் சுறுசுறுப்பூட்டும் மெலடோனினைக்கூடத் தானே செய்யத் தெரியாது, நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சாதாரணமாகச் சத்தமில்லாமல் வாழும் இந்த உண்ணிகள் ரோசேசியா உள்ள முகத்தில் பல மடங்கு பெருகிக் காணப்படுகின்றன. இவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருள் தோலின் எச்சரிக்கை ஏற்பிகளைத் தட்டுகிறது. ஏற்பிகள் விழித்தால் காலிகிரீன்-5 கூடுகிறது. உண்ணி பெருகியதால் அழற்சியா, அழற்சியால் உண்ணி பெருகியதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

மருந்துகளின் கதை இதைவிடச் சுவையானது. ஏறக்குறைய எல்லாமே வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு முகத்துக்கு வந்தவை. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் சதோஷி ஓமுரா கண்ட பாக்டீரியாவிலிருந்து ஐவர்மெக்டின் பிறந்தது. ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களை ஆற்றுக் குருடு நோயிலிருந்து காத்த மருந்து அது. இதற்காக ஓமுராவும், அதை மருந்தாக்குவதில் பங்கேற்ற வில்லியம் கேம்ப்பெல்லும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1 விழுக்காடு களிம்பாக அதே மருந்து 2014 முதல் ரோசேசியாவுக்கும் பயன்படுகிறது. உண்ணியையும் கொல்லும், அழற்சியையும் தணிக்கும். நெற்றி, மூக்கு, தாடை, இரு கன்னங்கள் என ஐந்து இடத்துக்கும் ஒவ்வொரு பட்டாணி அளவு போதும்.

பிரிமோனிடின் கண்ணழுத்த நோய்க்கான சொட்டு மருந்து. கூழ்மமாகப் பூசினால் அரை மணியில் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பைக் குறைக்கிறது. ஆனால் மருந்தின் வேகம் அடங்கும்போது சிலருக்கு முன்னைவிட அதிகமாகச் சிவந்துவிடும் என்பதால் கவனமாகத் தொடங்க வேண்டும். மூக்கடைப்புக்குப் போடும் ஆக்சிமெட்டாசோலினும் இதே வேலையைச் செய்கிறது. அசெலாயிக் அமிலம் கோதுமையிலும் பார்லியிலும் உள்ள பொருள், காலிகிரீன்-5ஐ அடக்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது டாக்சிசைக்ளின். வழக்கமாக 100 மில்லிகிராம் அளவில் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி. ரோசேசியாவுக்கு 40 மில்லிகிராம், அதுவும் மெல்லக் கரையும் வடிவில். அந்த அளவு பாக்டீரியாவைக் கொல்லப் போதாது. அதுதான் வேண்டும். கொல்லும் திறனைக் கழித்துவிட்டு, நொதிகளை அடக்கும் திறனை மட்டும் தக்கவைத்த அளவு அது. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்தும் இதனால் குறைகிறது.

நிரந்தரமாகத் தெரியும் குழாய்களுக்கு லேசர். 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபின் உறிஞ்சும், அதைச் சுற்றியுள்ள தோல் அவ்வளவாக உறிஞ்சாது. சில ஆயிரத்திலொரு பங்கு நொடியே நீடிக்கும் ஒளித்துடிப்பில் குழாய் மட்டும் வெந்து மூடிக்கொள்கிறது. 1983இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் வகுத்த கொள்கை இது. கருமையான தோலில் நிறமியும் ஒளியை வாங்கிக்கொள்ளும் என்பதால் அளவு கூடினால் தழும்பு விழலாம். நம் தோலில் லேசர் கையாண்டு பழகியவரிடம் போவதே சரி.

கருமை இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. பாடநூல் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் முகங்கள். நம் நிறத்தில் சிவப்பு எடுபடாது. கன்னம் கொஞ்சம் கருத்தது போலவோ பழுப்பேறியது போலவோ தெரியும். அதனால் முகம் காந்துகிறது, எரிகிறது, எந்த கிரீம் போட்டாலும் சுரீரென்கிறது என்று நோயாளி சொல்வதைத்தான் முதலில் நம்ப வேண்டும். தோல் மருத்துவர் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துக் கன்னத்தை அழுத்திப் பார்ப்பார். குழாய் விரிந்த சிவப்பு அழுத்தத்தில் மறைந்து, எடுத்ததும் திரும்பும். முகப்பருவில் தவறாமல் வரும் கரும்புள்ளிகள் ரோசேசியாவில் இருக்காது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பரு என்றோ மங்கு என்றோ நினைத்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய கொடுமை. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று ஆகும், ஏனென்றால் ஸ்டீராய்டு குழாய்களைச் சுருக்குகிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, குழாய்கள் புடைத்து, நிறுத்திய உடனே முகம் நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தடவுவார்கள். ரோசேசியா இல்லாதவருக்கும் ரோசேசியாவை உண்டாக்கிவிடும் சுழல் இது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே தடவிக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவர் மேற்பார்வையில் குறைத்துக்கொண்டு வருவது நல்லது.

அன்றாடத்தில் செய்ய வேண்டியவை சாதாரணமானவை. பெரும்பாலானோருக்கு வெயில்தான் முதல் எதிரி. துத்தநாக ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ உள்ள சன்ஸ்கிரீன் எரிச்சல் குறைவாகத் தரும். முகத்தை வெதுவெதுப்பான நீரில், காரத்தன்மை இல்லாத முகக்கழுவியால், தேய்க்காமல் கழுவ வேண்டும். இந்தத் தோலின் மேலடுக்கில் ஈரம் எளிதில் கசிந்துவிடுகிறது. அதனால் மாய்ச்சரைசர் மருந்துக்குச் சமம். எலுமிச்சைச் சாறு, சொரசொரப்பான மாவு, அழகு நிலையத்தில் ஆவி பிடிப்பது மூன்றும் வேண்டாம்.

உணவு விஷயத்தில் மட்டும், எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லும் பட்டியல்களை நான் ஏற்பதில்லை. ஒருவரைச் சிவக்க வைக்கும் வற்றல்குழம்பு இன்னொருவரை ஒன்றும் செய்யாது. ஒரு நோட்டில் சில வாரங்கள், முகம் சிவந்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, வெயில், அடுப்படிச் சூடு, மனநிலை, தடவியது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வந்தால் சொந்தக் காரணங்கள் தாமே தெரிந்துவிடும். இரண்டோ மூன்றோ இருக்கலாம். அவற்றை மட்டும் விலக்கினால் போதும்.

கண்ணை மறந்துவிடக் கூடாது. ரோசேசியா உள்ளவர்களில் பலருக்குக் கண்ணிலும் தொந்தரவு இருக்கிறது. இமையோரத்தில் வரிசையாக அமைந்த நுண்சுரப்பிகள் கண்ணீர் உலராமல் இருக்க எண்ணெய் விடுகின்றன. அவை அடைத்துக்கொண்டால் மணல் விழுந்தது போல உறுத்தும், இமை சிவக்கும், அடிக்கடி கட்டி வரும். கவனிக்காமல் விட்டால் கருவிழியே பாதிக்கப்படலாம். சிலருக்குத் தோலில் எதுவும் தெரிவதற்கு முன்பே கண்ணில் தொடங்கிவிடும். கண்ணைக் கண் டாக்டரிடம் தனியாகவும், முகத்தைத் தோல் டாக்டரிடம் தனியாகவும் காட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அடுத்த முறை போகும்போது இருவரிடமும் இரண்டையும் சொல்லுங்கள்.