மின் சிகரெட் தடையும் கம்பி, திரியும்

புது தில்லி: மின் சிகரெட்டுகளுக்கு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் மூலம் மத்திய அரசு தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாகச் சட்டம் இயற்றியது.

முழுச் சாதனத்தை மட்டுமன்றி, அதன் எந்தப் பாகத்தைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றமாகும். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ. 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். புகைப்பவருக்கு இச்சட்டத்தில் தண்டனை இல்லை. ஆனால், அவரே வீட்டில் சாதனத்தை உருவாக்கினால் அது தயாரிப்பாகிவிடும்.

சிக்கல் மூலப்பொருள்களில் உள்ளது. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி, ரொட்டி சுடும் கருவியிலும் இருக்கிறது. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பியும் பயன்படுகிறது. திரிக்குப் பருத்திப் பஞ்சோ சிலிக்கா இழையோ போதும். இவற்றைத் தடை செய்ய இயலாது.

எந்தக் கம்பி, எந்தத் திரி என்ற தேர்வால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. குப்பியில் இருந்த திரவத்தைவிட, கம்பிச் சுருளில் சூடேறிய ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் ஆகியவை அதிகம் இருந்ததை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் கண்டறிந்தனர். திரி வறண்டு திரவம் மிகையாகச் சூடேறினால், புற்றுநோய் விளைவிக்கும் ஃபார்மால்டிஹைடும் உருவாகும்.

கடைகளில் சோதனை நடத்தலாம். வீட்டு மேஜையில் சுற்றப்படும் கம்பியை விழிப்புணர்வால் மட்டுமே தடுக்க முடியும்.