குட்டிக்கு மண்ணைக் காட்டுங்கள்

ஆலங்குடிப் பக்கம் தோட்டத்து வீட்டில் பிறந்த நாய்க்குட்டியைப் புதுக்கோட்டை நகரத்து மாடி வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் நாளே டைல்ஸ் தரை நனைந்துவிடும். “நாட்டுக்குட்டிக்கு என்ன தெரியும்” என்று பழியும் வந்துசேரும். வீண்பழி அது.

பிறந்து இரண்டு, மூன்று வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். அதைச் சுத்தம் செய்வதும் தாயின் நாக்குதான். கால் ஊன்றியதும் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு விலகிப்போய்க் கழிக்கத் தொடங்கும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. இரண்டு மாதத்துக்குள் எந்தத் தரை தோதானது என்பதும் பாதத்தில் பதிந்துவிடும். செம்மண்ணில் வளர்ந்த குட்டி மண்ணைத் தேடும். கூண்டிலேயே கிடந்ததோ படுத்த இடத்திலேயே போய்ப் பழகியிருக்கும். அதைத் திருத்துவதுதான் பெரும்பாடு. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2017 விதி. வாங்கும்போது வயதோடு, வளர்ந்த தரையையும் பாருங்கள்.

தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட சற்று நேரத்திலும் குட்டிக்கு முட்டும். இரைப்பையில் சோறு விழுந்தாலே பெருங்குடல் அசையத் தொடங்குவதுதான் காரணம். தரையை மோந்தபடி வட்டமடித்தால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடுங்கள். முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு வெந்த கோழிக்கறி கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த கூலி என்றே அது எடுத்துக்கொள்ளும். இரண்டு மாதக் குட்டி பகலில் மூன்று மணி நேரம் அடக்கினாலே அதிகம். ராத்திரியும் ஒருமுறை எழத்தான் வேண்டும்.

மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது நம்மூர் வைத்தியம். அதில் குட்டி கற்பது ஒன்றுதான்: இந்த ஆள் கண்ணில் படாமல் போக வேண்டும். அப்புறம் கட்டிலடியில் போகும். நீங்கள் பக்கத்தில் நின்றால் கொல்லையில்கூடப் போகாது.

பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். பழைய வாடை இருக்கும் வரை குட்டி அதே இடத்துக்குத் திரும்பும். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் நொதி கலந்த திரவமே நல்லது. ஆத்தங்குடிக் கல் பதித்த வீடென்றால் வினிகரைத் தொடாதீர்கள். அந்தக் கல் சிமென்ட்டால் ஆனது, வினிகரின் அமிலம் அதை அரித்துவிடும்.

கொல்லை இல்லாதவர்கள் ஒரு தட்டில் செம்மண் நிரப்பி மொட்டைமாடியில் வைக்கலாம். தடுப்பூசி முடியும் வரை பார்வோ கிருமி இருக்கக்கூடிய தெருமண்ணில் விடாமல் இருக்கவும் இது வசதி.

பழகிய குட்டி திடீரென்று சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால் திட்டாதீர்கள். சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.